நாவன்மை மட்டும் போதுமா?

சுகாதாரக் கல்வியாளருக்கென்று இணையத்தில் பாடங்கள் வகுக்கும்போது, முன்னர் நடந்த ஆய்வுகளைத் தேடித் திரட்டி மதிப்பிடும் மீளாய்வு முறைகளையும் அவற்றில் சேர்க்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், உடனே ஓர் ஆட்சேபம் எழுகிறது. மீளாய்வெல்லாம் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் விவகாரம். தாய்மாரிடம் பேசப் போகிறவருக்குத் தெளிவான செய்தியும் நாவன்மையும் இருந்தால் போதும் என்பதே அது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அபிப்பிராயந்தான், ஆயினும் ஏற்கத்தக்கதன்று.

செய்தியை நிபுணர் தந்துவிடுவார் என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கில் விற்று, வீடுதோறும் வேதம்போல் மதிக்கப்பட்டது. மல்லாந்து கிடக்கும் சிசு வாந்தியெடுத்தால் மூச்சுத் திணறக்கூடும் என்ற, கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே தோன்றும் காரணத்தைக் காட்டி, குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்குமாறு அதன் 1950-களின் பிற்பகுதிப் பதிப்பு சிபாரிசு செய்தது. குப்புறப் படுத்தலுக்கும் திடீர்ச் சிசு மரணத்துக்கும் உள்ள சம்பந்தத்தை, அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளை முறைப்படி திரட்டியிருந்தால் 1970-லேயே கண்டிருக்கலாம் என்றும், அவ்வாறு கண்டிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட சிசுக்களின் மரணத்தைத் தடுத்திருக்கலாம் என்றும், 2005-இல் ரூத் கில்பெர்ட்டும் அவருடைய சகாக்களும் கணித்தனர். மல்லாத்திப் படுக்கவைக்கச் சொல்லும் பிரசாரம் அங்கே தொடங்கியதோ 1991-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் நாவன்மைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அது மிகுந்திருந்த இடங்களில்தான் தீங்கும் மிகுதியாகப் பரவியிருக்கும் என்று ஊகிக்கவே இடமுண்டு.

இணையத்தில் தேடினால் எல்லாம் கிடைக்கும் என்பது அடுத்த வாதம். கிடைக்கும், 1997 முதல் பப்மெட் என்னும் மருத்துவ ஆய்வுக் களஞ்சியமே இலவசமாகத் திறந்து கிடக்கிறது. ஆனால் குப்புறப் படுத்தலின் நன்மைகளைத் தேடுகிறவனுக்கு நன்மைகளே வந்து குவியும். கேள்வியை முதலில் வரையறுத்துக்கொள்வதும், எவ்வகை ஆய்வைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று படிப்பதற்கு முன்பே தீர்மானிப்பதும், இன்னொருவர் அதே வழியில் சென்று சோதிக்கும்படி தேடற்சொற்களைக் குறித்துவைப்பதும், நம் கட்சிக்கு விரோதமான முடிவையும் ஒளிக்காமல் கணக்கில் சேர்ப்பதும் ஆகிய இக்கட்டுப்பாடுகள் தாமாகக் கைவருவன அல்ல, கற்பித்தே ஆகவேண்டும்.

நேரமில்லை என்பதில் ஓரளவு உண்மை உண்டு. எண்களைத் தொகுத்துக் கணிக்கும் புள்ளியியல் வேலை கல்வியாளருடையது அன்று, அதை விட்டுக்கொடுக்கிறேன். மருத்துவ மீளாய்வுகளைத் தயாரிக்கும் காக்ரேன் அமைப்பார் செய்துவைத்த மீளாய்வு ஒன்றை ஒரு மாலைப்பொழுதில் வாசித்துத் தரம் அறியத் தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

சந்தேகங்களைச் சொன்னால் ஜனங்கள் குழம்புவார்கள் என்பது கடைசி வாதம். பேரப்பிள்ளையை மல்லாத்திப் படுக்கவைக்கச் சொன்னதும், “என் பிள்ளைகளையெல்லாம் குப்புறத்தானே போடச் சொன்னீர்கள்?” என்று ஒரு பாட்டி கேட்டால், ஆய்வுகளின் வரலாற்றை அறிந்தவர் எதனால் மாற்றினோம் என்று அவளுக்கு விளங்கவைப்பார், செய்தியை மட்டும் மனனம் செய்தவர், இப்போது இதுதான் விதி என்பார்.