நிறை எழுதாத துண்டு

மருந்துத் துண்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. வயது 3 என்று இருக்கிறது. அதன் கீழே பாணி மருந்தின் பெயரும், நாளுக்கு எத்தனை வேளை என்பதற்கான ஆங்கிலச் சுருக்கெழுத்தும் இருக்கின்றன. நிறை மட்டும் இல்லை. இப்படியொரு துண்டோடு வைத்தியசாலை யன்னலிலோ தனியார் மருந்துக்கடையிலோ நிற்கும் தாயை வன்னியில் எந்த நாளும் காணலாம். உள்ளே நிற்பவரும் துண்டை வாசித்துவிட்டுப் போத்தலை நீட்டுகிறார். பிள்ளை எத்தனை கிலோ என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை.

மூன்று வயது என்பது மருந்துக்கு ஓர் அளவாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் மூன்று வயது ஆண்பிள்ளை 11 கிலோவுக்குச் சற்று மேலேயும் இருக்கலாம், 18 கிலோவாகவும் இருக்கலாம். இருவரும் இயல்பான எல்லைக்குள் இருப்பவர்களே. நிறை கூடியவனுக்குப் பொருந்தும் அளவு மற்றவனுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ உள்ள இந்த மாவட்டங்களில், வயதைப் பார்த்து மருந்து அளப்பது மேலும் ஆபத்தானது.

எனவே நாம் கேட்பது இதுதான்: நிறை கிலோகிராமில் எழுதப்படாமல் எந்தப் பிள்ளைக்கும் மருந்து கொடுக்கப்படக் கூடாது. வாட்டிலும் சரி, வெளிநோயாளர் பிரிவிலும் சரி, கடையிலும் சரி.

எல்லா வீட்டிலும் கிடக்கும் பரசிற்றமோலையே எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை; இதுதான் கணக்கு. 10 கிலோப் பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் ஆறேகால் மில்லிலீற்றர். பாணி முடிந்துவிட்டது, வீட்டில் 500 மில்லிகிராம் குளிசை இருக்கிறது என்று அரைக் குளிசையைக் கரைத்துக் கொடுத்தால் ஒரு வேளைக்கே 250 மில்லிகிராம். நான்கு வேளை கொடுத்தால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம். 60ஐத் தாண்டக் கூடாது. அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால், ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும் ஈரலின் மேல் இந்தச் சுமையும் ஏறும். சிறு குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னொரு பொறி. அதில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் உண்டு, பாணியைவிட நான்கு மடங்குக்கு மேல் செறிவு. இரண்டின் பெயரும் ஒன்று, படமும் கிட்டத்தட்ட ஒன்று.

பிறகு கரண்டி. “ஒரு தேக்கரண்டி குடுங்கோ அம்மா” என்று சொல்லி அனுப்புகிறோம். கிரேக்கத்தில் வீட்டுத் தேக்கரண்டிகளைச் சேகரித்து அளந்து பார்த்தபோது இரண்டரை மில்லிலீற்றர் கொள்வதும் இருந்தது, ஏழுக்கு மேல் கொள்வதும் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் கரண்டிக் கணக்கையே கைவிட்டு, மில்லிலீற்றரில் மட்டும் எழுதும்படியும் ஊசியில்லாத வாய்ச் சிறிஞ்சால் அளக்கும்படியும் சொல்லிவிட்டது. பாணிப் போத்தலோடு ஒரு வாய்ச் சிறிஞ்சையும் கொடுத்து, அதில் எந்தக் கோடு வரை என்று பேனையால் குறித்துக் காட்ட எவ்வளவு செலவாகும்? துண்டிலுள்ள ஆங்கிலத்தை வாசிக்க முடியாத தாய்கூட ஒரு கோட்டைப் பிழையாக வாசிக்கமாட்டாள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வரிசையில் நிற்கும் வவுனியாவில் இது இன்னும் பெரிய உதவி.

வாட்டுக்குள் போனால் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. பெரியவர்களுக்கான குப்பியிலிருந்துதான் பிள்ளைக்கும் மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பின் 10 மில்லிகிராம் குப்பியாக வருகிறது என்று வையுங்கள். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்றால் 10 கிலோப் பிள்ளைக்கு 1 மில்லிகிராம். தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் 10 மில்லிகிராம், அது சரியாக ஒரு முழுக் குப்பி. பெரியவருக்கு இந்தப் பத்து மடங்குத் தவறு நேர வேண்டுமானால் பத்துக் குப்பி உடைக்க வேண்டும், மூன்றாவதிலேயே கை நின்றுவிடும். பிள்ளைக்கு உடைக்கும்போது கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் கணக்கை இரண்டாமவர் ஒருவரும் பார்க்க வேண்டும். பொஸ்ரன் நகரின் இரண்டு வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வு, தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துத் தவறுகள் பிள்ளைகளிடம் பெரியவர்களைவிட மூன்று மடங்கு என்று கண்டது. எந்த வசதிக்கும் குறைவில்லாத இடத்து நிலைமை அது.

நம் மாகாணத்து வேதனையும் நம் கண்முன்னே இருக்கிறது. 2023இல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமிக்குக் கனூலா என்ற நாளக் குழாய் வழியாக மருந்து ஏற்றப்பட்ட பின்னர் இடது கை மணிக்கட்டோடு அகற்றப்பட்டது. விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. அதில் தீர்ப்புச் சொல்வது எம் வேலையன்று. ஆனால் வடக்கின் ஒவ்வொரு பிள்ளைகள் வாட்டும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சின்ன நாளத்தில் ஏற்றிய ஊசி இடம் மாறினால், வீக்கமும் நிற மாற்றமும் குளிர்ச்சியும் “நோகுது” என்ற அழுகையும்தான் முதல் செய்தி. அழுகையைப் பிள்ளையின் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுமுன்னும் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் தாய் “கை வீங்கிக் கிடக்கு” என்று சொன்னால் அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

தவறு நேர்ந்தபின் என்ன செய்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். சமோவா நாட்டின் சவாய் தீவில் 2018 யூலை 6ஆம் திகதி ஒரு வயதுக் குழந்தைகள் இருவர், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி போட்ட சற்று நேரத்தில் இறந்தனர். தூளாக வரும் அந்தத் தடுப்பூசியைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, சத்திரசிகிச்சையில் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்தைத் தாதியர் எடுத்திருந்தார்கள். தாதியர் இருவருக்கும் ஐந்தாண்டுச் சிறை. தடுப்பூசித் திட்டம் மாதக் கணக்கில் நிறுத்தப்பட்டது. பெற்றோர் பயந்து ஒதுங்கினர். தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் வீதம் நூற்றுக்கு 31ஆக விழுந்தது. 2019 இறுதியில் சின்னமுத்து பரவியபோது இரண்டு இலட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் சின்னஞ்சிறு பிள்ளைகள். கவனக்குறைவுக்குத் தண்டனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உயிரைப் பறிக்கும் மருந்தும் தடுப்பூசியைக் கரைக்கும் நீரும் ஒரே கைக்கு எட்டும் இடத்தில் எப்படி இருந்தன என்ற கேள்வியைச் சிறைத்தண்டனை கேட்பதில்லை. மாட்டிக்கொள்பவரை மட்டும் தண்டிக்கும் இடத்தில், மயிரிழையில் தப்பிய தவறை எந்தத் தாதியும் வாய்திறந்து சொல்லமாட்டார். சொன்னால்தானே மற்ற வாட்டுகள் எச்சரிக்கையாகும்.

இரவு வேளையில் ஒரு வாட் முழுவதையும் ஒன்றிரண்டு பேர் பார்க்கிறார்கள், தாதியரும் வைத்தியர்களும் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இந்த நிலையில் இருவர் சேர்ந்து கணக்குப் பாருங்கள் என்றால் நடக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆளணி வெற்றிடங்களை நிரப்புவது அரசின் கடமை. அதை நாம் தொடர்ந்து கேட்போம். ஆனால் நிறை பார்க்க ஆளணி வேண்டாம், தராசு போதும். எல்லா மருந்துக்கும் இரண்டாம் கண் முடியாவிட்டால் ஆபத்தான சில மருந்துகளுக்கேனும் வேண்டும். வலிப்போடு தூக்கி வரப்படும் பிள்ளையைத் தராசில் ஏற்ற நேரமில்லை என்றால், வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கி ஒரு மதிப்பீட்டை எழுதலாம். மதிப்பீடு என்றே எழுதி, பிள்ளை தேறியதும் நிறுத்துத் திருத்தலாம்.

உண்மையில் நிறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் குடும்ப நல உத்தியோகத்தர்கள் வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பிள்ளைகளை நிறுத்து, சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி வைத்து வருகிறார்கள். இவ்வளவு ஒழுங்காகப் பிள்ளைகளை நிறுக்கும் நாடுகள் அதிகமில்லை. அந்தப் பதிவேடு தாயின் பையில் கிடக்கிறது. மருந்து எழுதும்போதும் கொடுக்கும்போதும் அதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கைக்குழந்தைக்குப் போன மாத நிறை போதாது, மறுபடி நிறுக்கத்தான் வேண்டும். ஆனாலும் அது வெற்றுக் கட்டத்தைவிட எவ்வளவோ மேல்.

2009இல், போரின் இறுதி மாதங்களில், புதுமாத்தளன் பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிய வைத்தியசாலையில் மயக்க மருந்தும் இல்லாமல் வைத்தியர்களும் தாதியரும் தொண்டர்களும் பிள்ளைகளுக்குக் காயம் கட்டினார்கள். அன்று மருந்து கேட்டு அழுத தாய்மார் இன்று பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதே மண்ணின் வைத்தியசாலைகளுக்கு வருகிறார்கள். மருந்து இப்போது இருக்கிறது. அதை அளந்து கொடுக்கும்படி கேட்பதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

வடமாகாண சுகாதாரத் திணைக்களமும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பிராந்தியப் பணிமனைகளும் அடுத்து அச்சிடும் துண்டுப் புத்தகத்தில் பெயருக்கும் வயதுக்கும் அருகே ‘நிறை: ... கி.கி.’ என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். ஒவ்வொரு பாணிப் போத்தலோடும் ஒரு வாய்ச் சிறிஞ்ச் போகட்டும். அந்தக் கட்டம் வெறுமையாக வரும் துண்டை, எழுதியவர் எவ்வளவு பெரிய வைத்தியராக இருந்தாலும், திருப்பி அனுப்பும் அதிகாரத்தைத் தாதிக்கும் மருந்தாளருக்கும் மருந்துக்கலவையாளருக்கும் சுற்றறிக்கையாக எழுதிக் கொடுக்கட்டும்.