கைமாற்று கோர்ட்டில் நிற்காதா?

"நோட்டு எழுதி வாங்கினியா? இல்லேன்னா விட்டுடு. கோர்ட்டுல நிக்காது." ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் தொடங்கி மாரிக்குப்பம் ரயிலடி வரை, தங்கவயலில் கைமாற்றுக் கொடுத்து ஏமாந்தவர் காதில் முதலில் விழும் சட்ட ஆலோசனை இதுதான். அக்கறையோடு சொல்வதாகத்தான் இருக்கும். ஆனாலும் தவறு. கொடுத்தவர் வாயை அடைத்து, வாங்கியவருக்குக் காவல் நிற்கும் பேச்சு இது.

இந்த ஊரில் அது செய்யும் கேடு பெரிது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மாதச் சம்பளம் நின்றது. விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு ஓடும் பிழைப்பு வந்தது. காலேஜ் ஃபீஸ், வாடகை வீட்டு அட்வான்ஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் நம்மவர் தட்டுவது பக்கத்து லைன் வீட்டுக் கதவைத்தான். அங்கே கைமாறும் முப்பதாயிரம், நாற்பதாயிரம் யாருடைய உபரிப் பணமும் இல்லை. சீட்டு எடுத்தது, கம்மலை அடகு வைத்தது. அதைத் திருப்பிக் கேட்பதற்கு ஏன் கூச வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? கடனைப் பத்திரத்தில் எழுதினால்தான் செல்லும் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வாய்ப்பேச்சில் கொடுத்த கடனும் கடன்தான். அதை நிரூபிப்பது கொடுத்தவர் பொறுப்பு. பார்த்தவர் சாட்சி சொல்லலாம். பேங்க் ஸ்டேட்மென்ட் பணம் போனதைக் காட்டும். "அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடறேன்க்கா" என்ற வாட்ஸ்அப் செய்தி அது கடன் என்பதைக் காட்டும்; உரிய சான்றிதழோடு கொடுத்தால் கோர்ட் அதை ஏற்கும். வாங்கியவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டாலும், பணம் இங்கே கைமாறியிருந்தால் இங்கேயே வழக்குப் போடலாம்.

செக் கையில் இருந்தால் பலம் இன்னும் கூடும். நம் கர்நாடகத்து ராணிபென்னூர் வழக்கையே பாருங்கள். தெரிந்தவருக்குக் கொடுத்த 45,000 ரூபாய் கைமாற்று. அதற்குக் கொடுத்த செக் 2001-ல் திரும்பியது. கீழ்க்கோர்ட் விடுதலை செய்தவரைக் கர்நாடக உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லி 75,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2010 மே 7-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செக்கில் கையெழுத்துப் போட்டவர், கடனே இல்லை என்றால் அதைக் காட்டும் பொறுப்பு அவருடையது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் கெடு தவறக் கூடாது: செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார்.

"ஒன்பது வருஷம் ஆயிடுச்சே" என்பீர்கள். உண்மைதான். அது டெல்லி வரை போன வழக்கு. எல்லா வழக்கும் அங்கே போவதில்லை. லோக் அதாலத் இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே அங்கே போகலாம், கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதிய முடிவு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் அப்பீல் இல்லை. வக்கீல் செலவு பயமா? 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. தங்கவயல் தமிழரில் பெரும்பாலானோர் இந்த வரிக்குள் வருகிறவர்கள். அழைக்க வேண்டிய எண் 15100.

தீர்ப்பு வந்த மறுநாளே பணம் கைக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாதவரிடம் ஜப்தி செய்ய ஒன்றும் இருக்காது. ஆனால் தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. இன்று இல்லாதவருக்கு நாளை பேங்க் கணக்கில் பணம் வரலாம். பணம் வசூலித்துத் தருவது போலீஸ் ஸ்டேஷன் வேலை இல்லை. ஆள் வைத்து மிரட்டினாலோ, வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

நம் பணத்தை உண்மையில் விழுங்குவது காலக்கெடு. கைமாற்றுக்கு வழக்குப் போடக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான். "பொங்கலுக்குத் தரேன்", "போனஸ் வரட்டும்" என்ற பேச்சிலேயே அது ஓடிவிடுகிறது. "கோர்ட்டில் நிற்காது" என்று நம்பிக் காத்திருப்பவருக்கு, அந்தக் காத்திருப்பாலேயே கடைசியில் நிற்காமல் போகிறது.

ஆகவே கெடு முடியுமுன் வாங்கியவரை உட்காரவைத்து எழுதி வாங்குங்கள்: "இன்ன தேதியில் 40,000 ரூபாய் வாங்கினேன். 10,000 கொடுத்துவிட்டேன். பாக்கி 30,000." ரெவின்யூ ஸ்டாம்பு, கையெழுத்து, தேதி. அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். எழுத மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் கோர்ட் படியேறுங்கள். உழைத்த காசைக் கேட்பதில் வெட்கமில்லை; வாங்கியதைத் திருப்பாதவர்தான் வெட்கப்பட வேண்டும்.