கணினி மேற்படிப்பும் பதினோராம் வகுப்பும்



ஒருநாள் மஃரிபுக்குப் பின், மதரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்ற வேளையில், பழைய மாணவி ஒருத்தியின் தந்தை என்னைத் தேடி வந்தார். மகள் பி.காம். படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். கணினியில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புகிறாள். "பிளஸ் டூவிலேயே கம்ப்யூட்டர் படித்தவள்தானே ஹஜ்ரத்! கல்லூரியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று வருந்தினார்.

நானோ வரலாறு படித்தவன்; பத்தாம் வகுப்போடு கணக்குக்கு ஸலாம் சொன்னவன். ஆயினும் பட்டதாரி என்பதனால் ஊரில் இத்தகைய கேள்விகள் என்னிடமே வந்து சேர்கின்றன. விசாரித்து அறிந்தவற்றை உங்களுக்கும் கூறுகிறேன்.

கணினி முதுநிலைப் பட்டம் என்பது ஒன்றல்ல. எம்.எஸ்ஸி. கணினி அறிவியலில் சேர, இளநிலையிலேயே கணினி அறிவியல், பி.சி.ஏ. அல்லது அவற்றுக்கு இணையான பாடம் படித்திருத்தல் வேண்டும். எம்.இ. பெரும்பாலும் பொறியியல் பட்டதாரிகளுக்கு உரியது. ஏனைய பட்டதாரிகளுக்கு எஞ்சும் வழி எம்.சி.ஏ. முன்பு மூன்றாண்டுகளாக இருந்த அப்படிப்பு, 2020-21 கல்வியாண்டு முதல் இரண்டாண்டுகளாகச் சுருங்கிற்று. பி.ஏ., பி.காம். பயின்றோரும் சேரலாம். பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 45. ஆனால் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி.

அந்தப் பெண் தடுக்கப்பட்டது இங்கேதான். வணிகவியல் பிரிவில் அவள் பயின்ற பாடத்தின் பெயர் 'கணினிப் பயன்பாடுகள்'. பெயரில் கணினி உண்டு. அவள் படித்த பிரிவில் கணிதம் இல்லை. அந்தப் பிரிவைத் தேர்ந்தவளும் அவளல்லள். "பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு? எளிதானதைப் படிக்கட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தார்களாம். அவளுடைய அண்ணனுக்கு மட்டும் டியூஷன் வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்!

வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, 2024-25 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் இதனைத் தளர்த்தியுள்ளது. கணிதம் படித்திருந்தால் நன்று. படிக்காதோர் இணைப்புப் பாடம் ஒன்றைக் கட்டாயம் பயில வேண்டும். எனினும் பழைய நிபந்தனையை விடாத கல்லூரிகளும் இருக்கக்கூடும். ஆதலால் கட்டணம் செலுத்துமுன் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குறிப்பேட்டைப் படியுங்கள். வாய்மொழியை நம்பாதீர்கள்.

தமிழகத்தில் எம்.சி.ஏ. கலந்தாய்வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதிலும் கணக்கறிவும் தர்க்க அறிவும் சோதிக்கப்படுகின்றன; தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். சாதிச் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு இம்மாநிலத்தில் 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவது நம்மவர் பலரின் வழக்கம்.

இவற்றையெல்லாம் அவரிடம் கூறினேன். மகளுக்கு டான்செட் விண்ணப்பம் போடுவதாகச் சொல்லி எழுந்தவர், வாசலில் நின்று, "இளையவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்கிறாள் ஹஜ்ரத். அக்கா எடுத்த குரூப்பையே இவளுக்கும் எடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு" என்றார்.

"பொறுங்கள் பாய். ரிசல்ட் வரட்டும். அந்தப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்" என்றேன்.