மின்னின்றிக் குளிரும் கூரை

மின்குளிரூட்டி உள்ளறையின் வெப்பத்தை இறைத்துத் தெருவில் கொட்டுகின்றது. செல்வர் குளிர, ஏழையர் வேகின்றனர்! அமெரிக்கப் பர்தூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் அறிவித்த வெண்பூச்சோ மின்னாற்றலே வேண்டாதது. பேரியச் சல்பேட்டுத் துகள்களால் ஆன அப்பூச்சு (பேரியம் என்பது 'பளு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடிப் பிறந்தது) கதிரவன் ஒளியில் நூற்றுக்கு 98.1 பங்கைத் திருப்பி விடுகின்றது. தன் வெப்பத்தையும், வளிமண்டிலம் பெரிதும் தடுக்காத 8 முதல் 13 மைக்குரான் அலைநீளத்தில் விண்வெளிக்கு உமிழ்கின்றது. அதனால் நண்பகலிலும் சூழ்காற்றினும் குளிர்ந்திருக்கின்றது. 2014-இல் இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் செய்த ஏழடுக்கு மென்படலமும் 4.9 பாகை செல்சியசு தாழ்ந்தது. ஆயின் நுண்கருவிகளாலன்றி அஃது ஆகாது. பூச்சோ எளியோர் கையாலும் பூசத் தக்கது. பர்தூவார் அதற்குக் காப்புரிமை கோரியுள்ளனர். உரிமைப் பணத்தால் விலையேற்றாது, தகரக் கூரைகளுக்கே அதனை முதற்கண் வழங்குதல் வேண்டும்.