முதலில் பிரேக் ஒயில்

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. பழைய எம்.ஜி.யையோ மொரிஸையோ வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பழுதுபார்ப்பவருக்கு அந்த ஏற்றத்தின் மீது மோகம் இருப்பது நியாயமே. நம் ஹட்டனும் நாலாயிரம் அடிக்கு மேலே. காற்று மெலிவு, எஸ்.யூ. கார்பரேட்டரின் அடி நட்டைச் சற்று மேலேற்றிப் பெற்றோலைக் குறைத்தால் கரும்புகை அடங்கும்.

ஆனால் உயிர் இருப்பது இறக்கத்தில். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். நம் பனிமூட்டத்தில் அதற்கு ஈரத்துக்கா பஞ்சம்! புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரமேறினால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடலாம். கினிகத்தேனை வளைவுகளில் டிரம் சூடேறி ஒயில் கொதித்தால், பெடல் வெறுமனே தரைவரை போகும்.

பெயின்ட் பிறகு பார்க்கலாம். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் பின் இடச்சக்கரத்து நிப்பிளில் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை மாட்டித் திறக்கட்டும். முதலில் தேநீர் நிறத்தில், குமிழியோடு வரும். தெளிந்து வரும்வரை விடக்கூடாது. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பைத் துடைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், ஊதிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள். மொரிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு இது. கைத்திறனுக்கு இங்கே குறைவில்லை.