மக்கள் எழுச்சியும் சமூக ஊடகங்களும்

வினா: "இன்றைய மக்கள் எழுச்சிகளைத் தோற்றுவிப்பவை சமூக ஊடகங்களே." இக்கூற்றுத் தொடர்பான உமது கருத்தைக் கட்டுரையாக எழுதுக.

மாதிரி விடை

முகநூல், வட்ஸ்அப், யூடியூப், இன்று எக்ஸ் எனப்படும் டுவிட்டர் முதலியன சமூக ஊடகங்கள் என அழைக்கப்படுகின்றன. பத்திரிகையிலும் வானொலியிலும் ஒருசிலர் பேச ஏனையோர் கேட்டனர். சமூக ஊடகத்திலோ கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் எவரும் பேசலாம். இதனால், அண்மைக்கால மக்கள் எழுச்சிகளை இவையே தோற்றுவித்தன எனப் பலர் கூறுவர். இக்கூற்றுப் பாதி உண்மையே என்பது எனது கருத்தாகும். எழுச்சிக்குக் காரணம் மக்களின் துன்பம். துன்பப்படுவோரை ஒன்றுசேர்க்கும் கருவியே சமூக ஊடகம். அக்கருவி நன்மைக்கும் தீமைக்கும் ஒரே வேகத்தில் பயன்படும் என்பதைக் கண்டி மாவட்டத்தில் வாழும் நாம் கண்கூடாகக் கண்டுள்ளோம்.

முதலில் காரணத்தை நோக்குவோம். 1953 ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடைபெற்றது. ஒக்டோபர் மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்று முகநூலும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. அரிசிப் பானையே மக்களை வீதிக்கு அழைத்து வந்தது.

2022 ஆம் ஆண்டில் நடந்ததும் இதுவே. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் காத்து நின்றனர். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. விளக்கொளியில் படித்த மாணவனுக்கும், வரிசையில் நின்ற அவனது தந்தைக்கும் நாட்டின் நிலையை எடுத்துக்கூற ஊடகம் எதுவும் தேவைப்படவில்லை.

அவ்வாறாயின் சமூக ஊடகம் செய்தது யாது? தனித்தனியாக வருந்தியோரை, "நான் மட்டும் அல்ல" என உணரச் செய்தது. மார்ச் 31 ஆம் திகதி இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் இல்லத்திற்கு முன்னால் மக்கள் கூடிய காட்சியை நாடெங்கும் உள்ளோர் தொலைபேசியிலேயே கண்டனர். "கோட்டா கோ ஹோம்" என்னும் முழக்கம் இனம், மொழி கடந்து பரவியது. ஏப்ரல் 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் தொடங்கிய போராட்டம் "கோட்டா கோ கம" என்னும் கிராமமாகவே மாறியது. ஜூலை 14 ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார். தனியொரு கட்சியோ தலைவரோ முன்னின்று நடத்தாத ஓர் எழுச்சி இவ்வளவு தூரம் சென்றமைக்குச் சமூக ஊடகம் பெரிதும் துணைபுரிந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆயினும், கருவியைப் பறித்தால் எழுச்சி நின்றுவிடுமா? 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி இதற்கு விடை கிடைத்தது. நாடெங்கும் ஊரடங்கு நடைமுறையில் இருந்த அன்று அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. ஆயினும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் வீதியில் இறங்கினர். பிலிமத்தலாவையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் கொண்டு அவர்கள் கலைக்கப்பட்டனர். அன்று பிற்பகலே தடை நீக்கப்பட்டது. 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு ஏறத்தாழ ஐந்து நாட்கள் இணையத்தையே துண்டித்தது. ஆனால் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூட்டம் பெருகியதே அன்றிக் குறையவில்லை. பெப்ரவரி 11 ஆம் திகதி ஜனாதிபதி முபாரக் பதவி விலகினார்.

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் உள்ள உணவகமொன்றில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு காணொளி பரவியது. அது வெறும் மாக்கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்கிடையில் வதந்தி ஊர் கடந்து சென்றுவிட்டது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். சிலர் செய்த குற்றம் ஒரு சமூகம் முழுவதன் மீதும் சுமத்தப்பட்டது. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் வெறுப்புச் செய்திகள் பரவ, திகனவிலும் அக்குறணையிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. உயிர்களும் பலியாயின. அவ்வன்முறையில் தனது தளம் வகித்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைக்கும் இழந்த உயிருக்கும் அம்மன்னிப்பு ஈடாகுமா?

2018 இல் கண்டியில் தீ மூட்டியதும், 2022 இல் காலிமுகத்திடலில் மக்களை ஒன்றுசேர்த்ததும் ஒரே வகைத் தொலைபேசிகளே. வேறுபாடு கருவியில் இல்லை. அதைப் பயன்படுத்தியோரின் மனத்தில் இருந்தது.

தடையே இதற்குத் தீர்வு எனச் சிலர் வாதிடுவர். 2018 இல் வன்முறையை அடக்கத் தடை விதிக்கப்பட்டது. 2022 இல் மக்களின் எதிர்ப்பை அடக்கவும் அதே தடை பயன்பட்டது. ஒரு நல்ல நோக்கத்திற்காக அரசிடம் கொடுத்த பூட்டு, நாளை நமது வாய்க்கே போடப்படலாம் என்பதை இது காட்டுகிறது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானதும் இவ்வச்சத்தினாலேயே ஆகும். வன்முறையைத் தூண்டுவோரைச் சட்டத்தின் முன் நிறுத்துவது வேறு. எல்லோருடைய குரலையும் அடைப்பது வேறு.

எனவே உண்மையான காவல் நம்மிடமே உள்ளது. "நெருப்பில்லாமல் புகையாது" என்பது பழமொழி. ஆனால் தொலைபேசித் திரையில் நெருப்பில்லாமலே புகை எழும். அப்புகையே பின்னர் நெருப்பாகவும் மாறும். ஒரு செய்தி கிடைத்ததும் இதனைக் கூறியவர் யார், எப்போது நிகழ்ந்தது, வேறு எங்கேனும் உறுதிசெய்யப்பட்டுள்ளதா என மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். விடை கிடைக்காவிடின் அதனைப் பிறருக்கு அனுப்பாதிருத்தல் வேண்டும். குறிப்பாக மூவின மக்களும் ஒரே கடைவீதியில் பழகும் எமது பிரதேசத்தில், நாம் அனுப்பும் ஒரு வரி அயலவரின் வீட்டுக் கூரையைத் தொடக்கூடும்.

தொகுத்து நோக்கின், மக்கள் எழுச்சியைப் பசியும் அநீதியும் தோற்றுவிக்கின்றன. சமூக ஊடகம் அதற்கு வேகம் அளிக்கின்றது. அவ்வேகம் நீதியை நோக்கிச் செல்வதும் அயலவரின் வாசலை நோக்கிச் செல்வதும், அனுப்பு முன் சற்று நின்று ஆராயும் மக்களின் கையிலேயே தங்கியுள்ளது.

மாணவர் கவனத்திற்கு: கருத்துக் கட்டுரையில் உமது நிலைப்பாட்டை முதற் பந்தியிலேயே தெளிவாகக் கூறுக. மாற்றுக் கருத்தையும் எடுத்துக்காட்டி, ஆதாரத்துடன் மறுக்குக. ஆண்டு, திகதிகளை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுக.