டயட் சார்ட் சுவத்துல தொங்குது, சுகர் ஏன் இறங்கல?

டயட் பிளான் கொடுக்கறவங்களுக்கும், அதை வாங்கிட்டுப் போய் நாலே நாள்ல விட்டவங்களுக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

"எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க டாக்டர்." நியூட்ரிஷன் கோச்சிங் நடத்தற நண்பர்கள் சொல்ற முதல் புகார் இதுதான். மாசாமாசம் பணம் கட்டறவங்களே மூணாவது வாரம் தட்டை போட்டோ எடுத்து அனுப்பறதை நிறுத்திடறாங்களாம். பாலக்கோடு பக்கம் காசே வாங்காம பார்க்கற எங்க சுகர் ஓபியிலயும் இதே கதைதான். அப்போ காசும் காரணமில்ல, அக்கறையும் காரணமில்ல.

உலக சுகாதார நிறுவனம் 2003லயே சொல்லிடுச்சு: வளர்ந்த நாடுகள்லகூட நீண்டகால நோய்க்கான சிகிச்சையைச் சராசரியா பாதிப் பேர்தான் ஒழுங்கா கடைப்பிடிக்கறாங்க. மாத்திரையை வாயில போட்டா முடிஞ்சுது. சாப்பாடு அப்படியா? ஒரு நாளைக்கு மூணு வேளை, வீட்ல அஞ்சு பேரோட சேர்ந்து நடக்கற விஷயம். இவ்வளவு பேர் ஒரு பிளானை விடறாங்கன்னா, முதல்ல பிளானைத்தான் சந்தேகப்படணும்ங்கறது என் கருத்து.

எங்க ஊர்ப்பக்கம் தக்காளித் தோட்டத்து வேலைக்குப் போற ஒரு அம்மாவை நினைச்சுக்கோங்க. காலைல அஞ்சரைக்குச் சர்க்கரை போட்ட டீ. பத்து மணிக்குத் தோட்டத்துல கூழ். மதியம் களி, கீரைக் கடைசல். சாயந்தரம் மறுபடி டீ, பன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வயிறு நிறைய ரேஷன் அரிசிச் சோறு, ரசம். இவங்க கையில "காலை 8 மணி: ஓட்ஸ், பாதாம் 6, ஆப்பிள் 1"னு ஒரு பேப்பரைக் கொடுத்தா என்ன ஆகும்? மரியாதைக்கு வாங்கி மடிச்சு வச்சுக்குவாங்க. அடுத்த மாசம் கேட்டா "அப்படியேதான் சாப்பிடறேன் சார்"னு சொல்லுவாங்க.

திட்டு வாங்காம இருக்கச் சொல்ற பொய் அது. ஆனா விலை பெருசு. சாப்பாடு சரியா இருக்குன்னு நம்பி டாக்டர் மாத்திரை டோஸை ஏத்திட்டே போவார். உண்மை தெரியாமலே கண்ணும் கிட்னியும் கெட்டுட்டு இருக்கும். டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் மட்டும் பத்தியம் இருக்கறவங்களும் உண்டு. வெறும் வயித்துச் சுகர் அதுக்கு ஏமாறலாம். ஹெச்பிஏ1சி ஏமாறாது, அது ரெண்டு மூணு மாசக் கணக்கைச் சொல்லிடும்.

அதனால முதல் நாள் பிளானே கொடுக்காதீங்க. "நேத்து எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேளுங்க. பதில் எதுவா இருந்தாலும் முகம் சுளிக்காதீங்க.

அப்புறம் ஒண்ணே ஒண்ணை மாத்துங்க. அந்த அம்மாவுக்கு நான் கை வைக்கற முதல் இடம் சாயந்தர டீயும் பன்னும். டீ இருக்கட்டும், சர்க்கரை வேண்டாம். பன்னுக்குப் பதிலா ஒரு கைப்பிடி வேகவச்ச நிலக்கடலை. அது பழகின அப்புறம்தான் ராத்திரிச் சோறு: அதே டம்ளர்ல அளந்து கால்பங்கு குறைச்சு, அந்த இடத்துல அவரையோ மொச்சையோ கொள்ளோ, முடிஞ்சா ஒரு முட்டை. காயையும் பயறையும் முதல்ல சாப்பிட்டு, சோத்தைக் கடைசியில சாப்பிட்டாலே சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறற சுகர் குறையும். பைசா செலவில்லாத மாற்றம்.

ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2025ல சொன்னது: நாம சாப்பிடற கலோரியில சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருது. குறைக்க வேண்டியது அங்கதான்.

இடையில ஒண்ணு. "ராகிதானே சார், எவ்வளவு வேணா சாப்பிடலாம்ல?" தர்மபுரி மாவட்டத்துல தினம் கேக்கற கேள்வி. 2023லேர்ந்து இங்க ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கலாம், நல்ல விஷயம். நார்ச்சத்தும் கால்சியமும் அதுல அதிகம். ஆனா 100 கிராம் கேழ்வரகுல மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல இருக்கு. அரிசியில 78 கிராம். பெரிய தூரமெல்லாம் இல்ல. களி உருண்டையோட சைஸ் முக்கியம். கூழாக் கரைச்சுக் குடிச்சா இன்னும் வேகமா ஏறும்.

சமைக்கறவங்களையும் கூட வரச் சொல்லுங்க. அப்பாவுக்கு அட்வைஸ் பண்ணிட்டு, உலை வைக்கற அம்மாவை வெளிய பெஞ்சுல உட்கார வச்சா என்ன பிரயோஜனம்?

மாம்பழ சீசன், ஊர்த் திருவிழா, கல்யாணம், இதெல்லாம் வரும்னு முன்னாடியே பேசிடணும். "மாம்பழத்தைத் தொடாதே"ன்னா ஒளிச்சுச் சாப்பிடுவாங்க. "ரெண்டு துண்டு சாப்பிடுங்க, அன்னிக்கு சோத்துல ஒரு கரண்டி குறைங்க"ன்னா கேட்பாங்க. ஒரு நாள் தவறினா அடுத்த வேளையே பழைய வழிக்கு வந்தா போதும்னும் சொல்லி அனுப்புங்க. நாள் கெட்டுப்போச்சுன்னு நினைக்கறவங்கதான் மொத்தமா விடறாங்க.

கோச்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிளையன்ட் இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுத்தா, டாக்டர்கிட்ட டோஸ் பேசாம சாப்பாட்டைத் திடீர்னு வெட்டாதீங்க. வேர்வை, நடுக்கம், மயக்கம்னு லோ சுகர்ல போய் விழுவாங்க. கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்குப் புரதத்தை இஷ்டத்துக்கு ஏத்தாதீங்க.

அரசுக்கும் ஒண்ணு கேக்கணும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல பக்கத்துல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்குச்சு. மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. கொண்டு போற பெண் தன்னார்வலர்கள் அந்தந்த ஊர்க்காரங்க. எந்த வீட்ல என்ன சமையல்னு என்னைவிட அவங்களுக்குத் தெரியும். கூட்டமான ஓபியில எனக்குக் கிடைக்கறது ரெண்டு நிமிஷம். அவங்களுக்குப் பயிற்சி கொடுத்து, போற ஒவ்வொரு தடவையும் "போன மாசம் ஒண்ணு மாத்தறேன்னீங்களே, என்ன ஆச்சு?"ன்னு மட்டும் கேக்க வைக்கணும். பதிலை நோட்டுல ஒரு வரி எழுதி அனுப்பினா, அடுத்த விசிட்ல நான் அங்கிருந்து ஆரம்பிச்சுக்குவேன்.

உங்க வீட்ல சுகர் பேஷன்ட் இருந்தா, நேத்து அவங்க சாப்பிட்டதை இன்னிக்கு உட்கார்ந்து எழுதுங்க. டீ, பன் உட்பட. அடுத்த முறை வரும்போது அந்தப் பேப்பரையும் ரிப்போர்ட்டோட எடுத்துட்டு வாங்க.